கல் ரூமில் தொங்கிய டப்பா

அக்காவுக்கு நுரையீரலில் கட்டி என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கு, டாக்டர் முதலில் கேட்டது வீட்டில் யார் சிகரெட் பிடிக்கிறார்கள் என்றுதான். யாரும் இல்லை என்றேன். அப்பா வெற்றிலை பாக்குகூடப் போட மாட்டார் என்றேன். விறகு அடுப்பா என்றார். கேஸ் வந்து ரொம்ப வருஷம் ஆகிறது என்றேன். அவர் எழுதிக்கொண்டே, "சில பேருக்கு இப்படியும் வரும்மா" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள். "சிகரெட்டாவது புடிச்சிருந்தா ஜாலியாவாவது இருந்திருக்கும், இல்ல?"

நான் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். அவள் என் முதுகில் ஒரு அடி வைத்தாள். "ஏய், இங்க அழுதுக்கினு நிக்காத. எவனோ உன்ன ஏமாத்திட்டுப் போய்ட்டான்னு எல்லாம் வேடிக்கை பாக்கறாங்க பாரு."

என் அக்கா அப்படித்தான். நோய் அவளுக்கு, ஆறுதல் எனக்கு.

எங்கள் ஊர் கிளியனூரில் இருந்து உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது. மேற்கே போனால் கல் குவாரி, கல்லை ஜல்லியாக அரைக்கிற கிரஷர். லாரி போகிற ரோடு எங்கள் வாசல் முன்னால்தான். கொடியில் வெள்ளைத் துணி போட்டால் காய்வதற்குள் சாம்பல் நிறம் ஆகிவிடும். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே குவாரியில் கல் உடைக்கிறார். நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன், திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அக்கா பத்தாவது வரைக்கும் படித்தாள், பிறகு தையல் கற்றுக்கொண்டாள்.

அக்கா தைப்பதற்காக அப்பா ஒரு ரூம் கட்டினார். எங்கள் ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல. குவாரியில் மூலை உடைந்த கல், அளவு தப்பின கல் எல்லாம் ஓரமாகக் கிடக்கும். கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்பா லீவு நாளில் டிராக்டரில் கொண்டுவந்து போடுவார். சுவர் கல், தரை கல், மேலே சிமெண்ட் கூரை. தரையில் பலகைக் கல்லை நேராக மண்மேலேயே பரப்பி, சந்துகளில் மண்ணைப் போட்டு அடித்தார். ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல். பின்னால் அடுத்தவர் கொல்லை, திருட்டு பயம் என்று அங்கே ஜன்னல் வைக்கவில்லை. ஊரில் அந்த மாதிரி ரூம் யாருக்கும் கிடையாது. வெயில் காலத்தில் உள்ளே போனால் பானைத் தண்ணீரில் கை விட்டது போல இருக்கும். அப்பா யார் வந்தாலும் கூட்டிப் போய்க் காட்டுவார். சுவரைத் தட்டித் தட்டிக் காட்டுவார். "நூறு வருஷம் நிக்கும்" என்பார்.

அக்கா அந்த ரூமில்தான் தைப்பாள், அங்கேயே படுப்பாள். அவளிடம் வருவது பெரும்பாலும் கல்யாண பிளவுஸ். பட்டுத் துணிமேல் கிரஷர் தூசி ஒரு தடவை படிந்தால் போகாது. அதனால் மெஷினில் உட்காருவதற்கு முன் கதவைச் சாத்துவாள். ஜன்னல் சந்து, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் வெட்டுத் துணியைத் திணிப்பாள். பிளவுஸ் வெட்டி மிஞ்சின துண்டுகள், பச்சை, சிவப்பு, ஊதா. ஸ்கேலால் குத்திக் குத்தி உள்ளே தள்ளுவாள். பக்கத்து வீடுகளிலும் இப்படித்தான், சிலர் சாக்கு வைப்பார்கள், சிலர் பேப்பர் ஒட்டுவார்கள். தூசி எங்களுக்கு எதிரி. தூசி உள்ளே வராத வீடு நல்ல வீடு. அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மருந்து ஏற்றி, முடி கொட்டி, மறுபடி வீட்டுக்கு வந்து அக்கா அந்த ரூமிலேயே படுத்தாள். அப்போதுதான் காலேஜ் பெண் வந்தாள். விழுப்புரம் பக்கம் ஒரு காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிறாளாம். முதுகில் பை, தலையில் துப்பட்டா சுற்றியிருந்தாள், முகமெல்லாம் ரோட்டுத் தூசி. குவாரி பக்கத்து ஊர்களில் வீட்டுக்குள் இருக்கிற காற்றைச் சோதிக்கிறோம், கல்லில் கட்டின வீடு உங்களுடையது என்று சொன்னார்கள், ஒரு டப்பா மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "காத்துல இன்னா மேடம் சோதனை?"

"ரேடான்னு ஒரு வாயுப்பா. பாறையில, மண்ணுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வரும். எல்லா ஊர்லயும் இருக்கு. வெளிய வந்தா காத்தோட கலந்து போயிடும். மூடின ரூம்ல தங்கும். வாசனை இருக்காது, கண்ணுக்கும் தெரியாது."

அப்பா சிரித்தார். "இத்தினி வருஷமா கல்லு ஒடைக்கிறேன் மேடம். கல்லுல இருந்து தேளு வந்து பாத்துருக்கேன், பாம்பு வந்து பாத்துருக்கேன். காத்து வந்து பாத்ததில்ல."

உள்ளே இருந்து அக்கா குரல் கொடுத்தாள். "உள்ள வரச் சொல்லுப்பா. எனக்குப் பொழுது போவல."

அந்தப் பெண் உள்ளே வந்து அக்காவைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டாள். ஸ்கார்ஃப் கட்டின தலை, கட்டிலுக்குப் பக்கத்தில் வாந்தி எடுக்க ஒரு வாளி. "தொந்தரவு பண்றேனோ?" என்றாள்.

"இதுல இன்னாம்மா தொந்தரவு. எனக்கு எல்லா எக்ஸ்ரேயும் எடுத்துட்டாங்க. ரூம்புதான் பாக்கி, அதுக்கும் எடுத்துடு."

டப்பா என்றால் டீ டம்ளர் அளவுதான். பிளாஸ்டிக். உள்ளே நகம் அளவுக்கு ஒரு சின்ன ஃபிலிம் இருக்கிறது என்றாள். காற்றில் அந்த வாயு இருந்தால் ஃபிலிமில் கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாத கீறல். மூன்று மாதம் கழித்து எடுத்துப் போய் மருந்தில் ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவார்களாம். சுவரில் படாமல் கூரைக் கொக்கியில் இருந்து நூலில் தொங்கவிட்டாள்.

"தொடாதீங்க, துடைக்காதீங்க. எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. அது போதும்."

"எப்பவும் போலதான் இருப்போம்" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "ஏய், என்னையும் தொடைக்காதடி. மேடம் சொல்லிட்டாங்க."

அதற்குப் பிறகு அவள் நல்லா இருந்த நாள் கொஞ்சம்தான். படுத்துக்கொண்டே அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காற்றில்லாமலே அது லேசாகத் திரும்பும். "தோ, என்னப் பாக்குது பாரு" என்பாள். ஒரு நாள் இருமி முடித்துவிட்டு டப்பாவைப் பார்த்து, "எழுதிக்கோ" என்றாள். நான் சிரித்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் போய்விட்டாள். நான் கடையில் இருந்தேன். அம்மா போன் பண்ணினாள், மூச்சு மட்டும் கேட்டது. நான் பேகை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திண்டிவனத்தில் இருந்து வருகிற பஸ்ஸில் டிரைவர் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

அவள் இறந்த நேரத்து நட்சத்திரம் உத்திரம். அந்த நட்சத்திரத்தில் போனால் அடைப்பு. உயிர் போன ரூமை மூன்று மாதம் மூடிவைக்க வேண்டும், யாரும் உள்ளே புழங்கக்கூடாது, கதவுக்கு வெளியே தினமும் விளக்கு ஏற்ற வேண்டும். இல்லையென்றால் வீட்டில் இன்னொருவருக்கு ஆகாது என்பார்கள். காரியம் முடிந்ததும் அப்பாவே கதவைச் சாத்தினார். பூட்டுப் போட்டார். உள்ளே இருந்து எதையும் எடுக்கத் தோன்றவில்லை யாருக்கும். மெஷின், கட்டில், அவள் செருப்பு, அவள் போன்.

போன் உள்ளே இருப்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே அடித்தது. சாத்தின கதவுக்குப் பின்னால், மெதுவாக. அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். "யாருடி?" என்றாள். நான்தான் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு வாட்டி அடி" என்றாள். அடித்தேன். சார்ஜ் தீருகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அப்பாவுக்குத் தெரியாமல் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்துவிட்டது.

டப்பா எங்களுக்கு மறந்தேபோனது. காலேஜ் பெண் வந்து நின்றபோதுதான் நினைவு வந்தது. அவள் வாசல் விளக்கைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவளுக்கு மோர் கொடுத்தாள்.

"தெறக்கக் கூடாதும்மா. இன்னும் நாளு இருக்குது. தப்பா எடுத்துக்காத."

"ஐயோ, இல்லம்மா. எங்க வீட்லயும் அடைப்பு வெச்சிருக்காங்க. முடிஞ்சதும் சொல்லுங்க, வர்றேன்." கிளம்பும்போது என்னிடம் தனியாக, "ரூம் இவ்ளோ நாள் மூடியே இருந்தா கணக்கு சரியா வராது. ஆனா பரவாயில்ல" என்றாள். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

அடைப்பு முடிந்து கதவைத் திறந்தோம். துணியும் எண்ணெயும் கலந்த மெஷின் வாசனை அப்படியே இருந்தது. அம்மா உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலேஜ் பெண் வந்து டப்பாவைக் கழற்றி மூடி போட்டு எடுத்துப் போனாள்.

கொஞ்ச நாள் கழித்து அவளே நேரில் வந்தாள். போனில் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

"அதிகமா இருக்குப்பா" என்றாள். "இருக்கக்கூடிய அளவ விட அதிகம். நுரையீரலுக்கு ஆகாது."

அவள் அவசரமாகப் பேசினாள். "ஆனா இத வெச்சி எதுவும் சொல்ல முடியாது. ரூம் மூடியே இருந்ததால ஏறியிருக்கும். சாதாரணமா எவ்ளோ இருந்துச்சின்னு இதுல தெரியாது."

"அவ படுத்துக்கினு இருந்தப்பவும் மூடித்தான் வெச்சிருந்தா" என்றார் அப்பா.

"தெரியும்பா. இருந்தாலும் கதவு தெறந்து மூடி, ஆள் போய் வந்துட்டு இருப்பாங்க இல்ல. அந்த ஃபிலிம்ல அவங்க இருந்த நாளும் இருக்கு, அடைப்பு நாளும் இருக்கு. ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்திருக்கு. பிரிக்க முடியாது."

"இதனாலதான் வந்துச்சா அவளுக்கு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "அப்படி யாராலயும் சொல்ல முடியாதுப்பா. பல வருஷம் சுவாசிச்சா வர்றதுக்கு வாய்ப்பு கூடும். கிரஷர் தூசியும் இருக்கு. ஒண்ணுமே இல்லாமயும் வருது. அதிகமா இருக்கற வீட்ல நெறைய பேரு நல்லாவே இருக்காங்க."

"வாய்ப்புன்னா? ஆமாவா இல்லையா மேடம்?"

"வாய்ப்புன்னா வாய்ப்புதான்பா."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அடுக்கின கல். அவர் கை வைத்த சந்து. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அவருக்கு வேறு கேள்வி கிடையாது. என் மகளை நான் கட்டின ரூம் கொன்றதா?

அவர் சரியாகச் சாப்பிடவில்லை. குவாரிக்குப் போனால் பாதியில் வந்துவிடுவார். சித்தப்பா வந்து, "இன்னா பேஜாரு புடிச்ச வேலைண்ணா இது, டப்பாவாம் காத்தாம். நம்ம ஊர்ல கல்லு மேலதான் எல்லாரும் பொறந்தோம். இத்தினி பேரும் செத்தா போய்ட்டோம்?" என்றார். அப்பா தலையை ஆட்டினார். சித்தப்பா போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மேடத்துக்குப் போன் போடு பாப்பா. இன்னொரு டப்பா வேணும். எப்பவும் போல இருந்தா சரியா காட்டும் இல்ல? நான் படுத்துக்கறேன் உள்ள. அவ எப்படி இருந்தாளோ அப்படி. ஜன்னலு அடைச்சிக்கினு, கதவு சாத்திக்கினு."

"ஒண்ணும் வேணாம்பா."

"தெரியணும் பாப்பா."

"தெரிஞ்சி? அக்கா வந்துருவாளா?"

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கல் ரூமுக்குப் போனார். டப்பா வருவதற்கு முன்பே படுக்க ஆரம்பித்துவிட்டார். கீழே விழுந்திருந்த வெட்டுத் துணிகளைப் பொறுக்கி, அக்காவின் ஸ்கேலை எடுத்து, ஜன்னல் சந்தில் குத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர் கை பெரிய கை. துணி சரியாகப் போகாமல் வெளியே வந்து விழுந்தது. நான் அவரிடம் கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். "ஒருத்தி போனது போதாதா? உனக்கு மட்டும்தான் பொண்ணா அவ? எனக்கு யாருமே இல்லையா?" என்றேன். அவர் விழுந்த துணியை எடுத்து மறுபடி சந்தில் குத்தினார்.

ஒரு வாரம் இப்படிப் போயிருக்கும். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு, தன் தலையணையை எடுத்துக்கொண்டு கல் ரூமுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"நீ எங்க வர்ற?" என்றார் அப்பா.

"தள்ளிப் படுய்யா. எப்பவும் போல இருக்கணுமாமே. அவ இருந்தப்ப நான்தான பாதி நேரம் இங்க குந்திக்கினு இருந்தேன். பிளவுஸுக்குக் காஜா எடுத்தது யாரு, கொக்கி வெச்சது யாரு? நீயா?"

"போ, உள்ள போய்ப் படு."

"மெஷினு சத்தம் இல்லாத ரூம்பு எப்படிய்யா எப்பவும் போல ஆவும்? அவள எங்கிருந்து கொண்டாந்து குந்த வைப்ப? கதவ சாத்து. விஷம்னா ரெண்டு பேரும் சேந்து குடிக்கலாம். தோ, இவளையும் கூப்புடு. ஜல்தியா சாத்து."

அம்மா தரையில் படுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா எழுந்து போய்க் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாத்தவும் இல்லை, திறக்கவும் இல்லை. அப்புறம் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சாவு வீட்டில்கூட அவர் அழவில்லை. ஆட்கள், பந்தல், மேளம் என்று ஓடிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அழுதார். அம்மா எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கையை நீட்டி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் காலேஜ் பெண்ணுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். "பழசக் கண்டுபிடிக்க வேணாம்" என்றாள். "இனிமே அந்த ரூம்ல யாராவது இருக்கணும் இல்ல, அதுக்கு வழி பண்ணலாம். பின்பக்கச் சொவர்ல மேல ஒரு ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்க. தரைச் சந்தெல்லாம் சிமெண்ட் போட்டு நல்லா பூசிடுங்க. அப்புறம் ஒரு டப்பா மாட்டறேன்."

அப்பா ஆள் வைக்கவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அவரே ஏறினார். பின்னால் கொல்லைக்காரரிடம் சொல்லிவிட்டு, மேல் வரிசையில் ஒரு கல்லைப் பெயர்த்தார். வெளிச்சம் உள்ளே விழுந்தது. அந்த ரூமில் அந்தப் பக்கத்தில் இருந்து வெளிச்சம் விழுந்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஃபேன் மாட்டினார். தரையைப் பூசினார். ஜன்னலில் இருந்த துணிகளை அம்மா ஒவ்வொன்றாக உருவினாள். தூக்கிப் போடவில்லை, தலையணை உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டாள். நான் என் துணிமணியை எடுத்துக்கொண்டு அந்த ரூமுக்குப் போனேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுத்தேன். முதல் கொஞ்ச நாள் தூக்கம் வரவில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே புது டப்பா தொங்கியது. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து காலேஜ் பெண் அதை எடுத்துப் போய், எண்ணி, திரும்பி வந்தாள். இந்தத் தடவை வண்டியை நிறுத்தும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவள்மேல் ரொம்பப் பிரியம். எங்களுக்காக அவள் எத்தனை தடவை அந்த லாரி ரோட்டில் வந்தாள்.

"ரொம்பக் கொறைஞ்சிடுச்சிப்பா! பயப்படவே வேணாம். தாராளமா படுக்கலாம், தைக்கலாம், என்ன வேணா பண்ணலாம்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் சிரித்தேன். அப்பா மட்டும் கேட்டார். "எதனால கொறைஞ்சிச்சி மேடம்?"

"நீங்க பண்ணதாலதான்பா. அந்த ஓட்டை, ஃபேன், தரை பூசினது. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்பா. இது ஒண்ணும் பெரிய வேலையே இல்ல. நெறைய பேருக்குத் தெரியறதில்ல, அதான்."

அப்பா தன் கைகளைப் பார்த்தார். "காலையில ஆரம்பிச்சேன் மேடம்" என்றார். "கல்ல பேத்து எடுத்துட்டு கை கழுவிக்கினு வந்து மத்தியானச் சோறு தின்னேன்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "அப்பா, அதனாலதான்னு..." என்று ஆரம்பித்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாக இல்லை.

"அப்ப இதெல்லாம் யாருக்குய்யா தெரியும்" என்றாள் அம்மா.

"ஆமா" என்றார் அப்பா. "யாருக்கும் தெரியாதுதான்."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். காலேஜ் பெண்ணிடம், பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டுக்குக் கல் தரை இருக்கிறது, இரண்டு வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வாங்க காட்டுகிறேன் என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். அம்மாவும் நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு லாரி போனது. தூசி அடங்கியபோது அப்பா முதல் வீட்டு வாசலில் நின்று, அடைத்திருந்த ஜன்னலை வெளியே இருந்து கையால் தட்டிக்கொண்டிருந்தார்.